காலேஜ் மட்டப்பாவும் பேச்சி பாட்டும்

1. ஆள் இல்லாததுனால மேஸ்திரி

மேஸ்திரியா நான் நின்ன மொத நாளே உத்தரவு வந்துட்டு, பாட்டை நிப்பாட்டுன்னு. என் ராசி அப்படி. எனக்கு எழுத வராது, நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு வாத்தியார் எழுதுதாரு. பொய் இருந்தா என் தலையில போடுங்க, பிழை இருந்தா அவரு தலையில போடுங்க.

பாளையங்கோட்டை காலேஜ்ல இப்ப ‘பெரிய கட்டடம்’னு சொல்லுதாங்கல்லா, அதுக்கு மட்டப்பா, அதான் மேல்தளம், போடுத வேலை. அப்ப செங்கோட்டைப் பக்கம் ரயில் பாதை போட்டுட்டு இருந்தாங்க. தெறமையான மேஸ்திரி பூராவும் அங்கன ஓடிட்டான். காலேஜ் பிரின்ஸ்பால் துரை தேடிப் பாத்துட்டு, மிச்சம் கெடந்ததுல ஒசரமா இருந்த என்னை மேஸ்திரியாக்கிட்டாரு. அதுவரைக்கும் நான் சாந்துச்சட்டி சுமந்தவன். என் தலை மேல தட்டையா இருக்கதுக்கு அதான் காரணம். மட்டப்பா ஒழுகுச்சுன்னா மறுபடியும் சட்டிதான்னு துரை வாயால சொல்லிட்டாரு.

இப்பத்த பையங்களுக்கு மட்டப்பான்னா மேல ஏறி நிக்கத்தான் தெரியும். தேக்கு உத்திரத்து மேல செங்கலைக் குத்துக்கு நிறுத்தணும். அதுமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டித் தண்ணி தெளிச்சு, பொம்பளையாளுக வரிசையா உக்காந்து மரக்கட்டையால அடிக்கணும். நாள் கணக்கா அடிக்கணும். கட்டை பட்டா தடம் விழாம, துள்ளி எந்திரிக்கணும், அப்பத்தான் தளம் இறுகிட்டுன்னு அர்த்தம். அதுக்கு முன்னால மழை பெஞ்சா சுண்ணாம்பு பூரா கஞ்சிதான். ஐப்பசி வேற பக்கத்துல வந்துட்டு.

அடிக்கதுக்கு முக்கூடல்ல இருந்து பேச்சியும் அவ கூட்டமும் வந்தாளுவ. பேச்சி பாட்டெடுப்பா, மத்தவளுவ வாங்கிப் பாடி ஒண்ணு போல அடிப்பாளுவ.

2. ஆட்டுச் சண்டை

பக்கத்துக் கட்டடத்துல பரீச்சை நடக்கு. துரை ஏணி ஏறி வந்தாரு. அவரு பேசுதது பைபிள் தமிழ். பாதி எனக்குப் புரியும், பாதிக்குத் தலையாட்டுவேன்.

“மேஸ்திரி, கட்டைச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறோம். ஆனால் பாட்டு வேண்டாம். ஒரு மாணாக்கன் விடைத்தாளிலே உங்கள் பாட்டை எழுதியிருக்கிறான்.”

“சரிங்கையா”ன்னேன்.

அவரு எறங்கினதும் பேச்சி புடிச்சிக்கிட்டா. “என்னவே சரிங்கையா? அவரு ஆத்தைத் திருப்பி விடச் சொன்னாலும் சரிங்கையாவா?”

“உத்தரவு பேச்சி. வாயை மூடிட்டு அடிங்க.”

“வாயை மூடுனா கை ஓடாது. பாரும்.”

பாத்தேன். ஒருத்தி கட்டை ஏறும்போது இன்னொருத்தி கட்டை எறங்குது. வேகம் செத்துப்போச்சு. அதாவது பரவாயில்ல, வாய் சும்மா இருக்குமா? பாட்டு நின்ன இடத்துல பேச்சு வந்துட்டு. பேச்சு வளந்து, யாரு ஆடு யாரு கீரைப்பாத்தியில மேஞ்சுதுங்குத கேள்வி வந்துட்டு.

“ஏட்டி, உன் ஆடு மேயலைன்னு சத்தியம் பண்ணு!”

“உன் கீரையைத் திங்க என் ஆட்டுக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு?”

அவ்வளவுதான். எல்லாரும் எந்திரிச்சுட்டாளுவ, கையில கட்டையோட. நான் நடுவுல போனேன்.

“ஏளா, பக்கத்துல பரீச்சை நடக்குளா!”

“நீரு போம்வே! உமக்கு ஆடு உண்டுமா?”

ஆடு இல்லாதவன் பேசக்கூடாதுங்கதுல மட்டும் ரெண்டு கட்சியும் ஒண்ணாச் சேந்துட்டு.

துரை மூச்சு வாங்க மேல வந்தாரு. கண்ணாடி மூக்கு நுனியில தொங்குது.

“மேஸ்திரி, மாணாக்கர் அனைவரும் எழுதுகிறதை விட்டுவிட்டு அந்த ஆட்டின் முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள்.” பேச்சி பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினாரு. “அம்மா, பாடுங்கள்.”

“என்ன பாட்டுய்யா?”

“எதுவானாலும் சரி. ஆடு மாத்திரம் வேண்டாம்.”

3. காதால பாத்த வேலை

பெறகு சண்டை சள்ளை இல்ல. பாட்டு காலையில ஆரம்பிச்சா பொழுது சாயுத வரைக்கும் ஓடுது. கட்டைச் சத்தமும் கேக்கு. துரை வராந்தாவுல நின்னு தலையாட்டுதாரு. நான் கீழ நெழல்ல உக்காந்து, காதை மட்டும் மேல அனுப்பிட்டு மேஸ்திரி வேலை பாத்தேன். வெயில்ல ஏணி ஏறுததுக்கு எனக்கென்ன கோட்டியா?

ஒரு மத்தியானம் கெழக்க வானம் கருத்துக்கிட்டு வந்தது. எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்க மேல ஓடுனேன். பாத்தா, கைப்பிடிச் சுவரு நெழல்ல அத்தனை பேரும் காலை நீட்டி உக்காந்து, வெத்தலையை ஒதுக்கிக்கிட்டுப் பாடிட்டு இருக்காளுவ! ரெண்டு பேரு மட்டும் ஒரு பலகையைப் போட்டு டொக்கு டொக்குன்னு தட்டுதாளுவ.

“பாவிகளா! மழை வருது, கச்சேரியா நடத்துதீக? என் தலையில சட்டியை ஏத்தாம விடமாட்டீகளா?”

பேச்சி எந்திரிக்கக்கூட இல்ல. ஒரு கட்டையை என் பக்கம் உருட்டி விட்டா. “அடிச்சுப் பாரும்.”

ஓங்கி அடிச்சேன். கட்டை துள்ளி என் முட்டியிலயே விழுந்தது. தரையில தடம் இல்ல. நாலு மூலையிலயும் அடிச்சேன், எங்கனயும் இல்ல. தடம் விழுந்தது என் முட்டியில மட்டுந்தான்.

“நேத்தே முடிஞ்சிட்டு”ன்னா.

“பெறகு ஏன்ட்டி பாடுதீக?”

“பாட்டை நிப்பாட்டுனா நீரு மேல வருவீரு. வந்தா அடுத்த வேலை சொல்லுவீரு. நல்லாத் தூங்குத மனுசனை எதுக்கு எழுப்பன்னு விட்டுட்டோம்.”

வைய வாயைத் தொறந்தேன். மழை பிடிச்சிக்கிட்டு. எல்லாரும் எறங்கி ஓடுனோம். கீழ பெரிய ஹாலு நடுவுல துரை கையை நீட்டிக்கிட்டு அண்ணாந்து நிக்காரு. மேல மழை கொட்டுது. எனக்கு மேல பாக்கத் தைரியம் இல்ல, அவரு உள்ளங்கையவே பாத்துக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் நின்னோம். ஒரு சொட்டு விழல.

“பார்த்தீரா மேஸ்திரி? இடைவிடாமல் பாடி அடித்தார்கள். ஆகையால் இவ்வளவு உறுதி.”

பேச்சி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

“சரிங்கையா”ன்னேன்.

சட்டி தப்பிச்சுது. அடுத்து ஆஸ்டல் கட்டடத்தையும் எனக்கே குடுத்தாரு. மேஸ்திரியா வாரப் பையங்களுக்கு நான் சொல்லுதது இதுதான்: சத்தம் கேக்குன்னு வேலை நடக்குன்னு நம்பாதீக, ஏறிப் பாருங்க. ஆஸ்டல்ல நான் விடிஞ்சதும் மேல ஏறுனா பொழுது சாயத்தான் எறங்குவேன். என்ன, நான் மேல இருக்கேன்னு தெரிஞ்சதும் பேச்சியும் அவ கூட்டமும் பைய கீழ எறங்கிப் போயி நெழல்ல உக்காந்துக்கிட்டாளுவ.