மேலே கீழே அண்ணனின் ஒற்றைக் கண்

அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. லிஃப்ட்டுக்குள் கால் வைக்கும் ஒவ்வொருவரிடமும் "மேலயா, கீழயா?" என்று கேட்டுக் கேட்டே 'மேலே கீழே அண்ணன்' ஆகிவிட்டார். உட்கார ஒரு முக்காலி, சுவரில் பொத்தான்கள், தலைக்கு மேல் ஒரு டியூப் லைட். அவ்வளவுதான் அவருடைய ஆபீஸ். பழைய லிஃப்ட் அது. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புக் கதவை இடது பக்கத்திலிருந்து கையால் இழுத்துச் சாத்தினால்தான் நகரும்.

லிஃப்ட் ஏறும்போது மனசுக்குள் "நன்றி, கடவுளே" என்பார். இறங்கும்போது "காப்பாத்து, கடவுளே." இது வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

"நாள் பூரா இப்படி ஏத்தி இறக்கினா அந்தக் கடவுளுக்கே தலை சுத்தாதா?" என்று சிரிப்பாள்.

அவளுக்கு மட்டும் தெரிந்த இன்னொன்றும் உண்டு. சின்ன வயதில் விளையாடும்போது குச்சி குத்தி அவருடைய வலது கண் போய்விட்டது. பார்க்க நல்ல கண் போலத்தான் இருக்கும். வெளிச்சம் கூடத் தெரியாது. கட்டடத்தில் யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை. ஒரு கண்ணே போதும் என்று ஆண்டவன் நினைத்திருக்கிறான், நாம் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டார்.

ஒருநாள் டியூப் லைட் மின்ன ஆரம்பித்தது. நேராகப் பார்த்தால் ஒழுங்காக எரியும். திரும்பினால் ஓரத்தில் பளிச்சென்று வெட்டும். எலக்ட்ரீஷியன் வந்து லைட்டை மாற்றினார். மறுபடியும் மின்னியது. ஸ்டார்ட்டரை மாற்றினார். அப்போதும் மின்னியது.

"அண்ணே, இனிமே மாத்தறதுன்னா என்னைத்தான் மாத்தணும். லைட்டு நல்லாத்தான் எரியுது" என்று ஏணியை மடக்கிக்கொண்டு போனார் எலக்ட்ரீஷியன்.

அன்று ராத்திரி அண்ணன் வீட்டுக்குப் போய்க் கண்ணை மூடிக் கும்பிட்டார். மூடிய கண்ணுக்குள்ளும் ஓரத்தில் பளிச்! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"ஏய், இங்க வா. எனக்குக் காட்சி குடுக்கறார் போல இருக்கு."

"எங்க?"

"இடது ஓரத்துல."

வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கடவுள் வந்தா நேரா வருவாரு. ஓரமா நின்னு எட்டிப் பார்ப்பாரா? அந்தக் கண்ணுக்கு என்னமோ ஆகுதுங்க. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

போகிற வழியிலேயே பேனா மையை உதறினது போலக் கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் கொட்டின. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார். "விழித்திரை கிழிஞ்சிருக்கு. நல்ல வேளை, இன்னும் கழண்டு வரல. கிழிசலைச் சுத்தி லேசர் வெச்சு ஒட்டிடலாம்."

ஒரு கருவியில் முகவாயை வைத்து, நெற்றியைப் பட்டையோடு சேர்த்துப் பிடித்தார்கள். ஆடக் கூடாது. பச்சை வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வெடித்தது. சில பொட்டுகள் கண்ணின் அடியில் ஊசி போலச் சுருக்கென்றன. முடிந்து எழுந்தபோது எதிரே இருந்த டாக்டரம்மாவே தெரியவில்லை.

"கண்ணு கூசிப் போயிருக்கு, கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்" என்ற குரல் மட்டும் கேட்டது. "ஒட்டு பிடிக்கிற வரைக்கும் பளு தூக்காதீங்க. அந்தக் கறுப்புப் புள்ளி பூச்சி மாதிரி பறக்கிறது இருக்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். ஆனா ஓரத்துலேருந்து கறுப்பா ஒரு திரை இழுத்து மூடற மாதிரி தெரிஞ்சா, எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வந்துடணும்."

மாலைக்குள் பார்வை திரும்பியது. வீட்டில் ஓய்வாக இருந்த நாட்களில் தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை வீட்டுக்காரி. குனிந்து செருப்பை எடுத்தாலும் அதட்டினாள். பிறகு வேலைக்கு வந்தார். வந்த பிறகுதான் டாக்டரம்மா சொன்னது எவ்வளவு பெரிய தண்டனை என்று புரிந்தது.

ஓரத்திலிருந்து கறுப்பாக ஒன்று இழுத்து மூடுவதுதானே அவருடைய பிழைப்பே! தன் கையால் இழுக்கிற கதவுதான் என்று தெரிந்தும், அது இடது ஓரத்தில் நகரத் தொடங்கும்போதெல்லாம் பாதியில் நிறுத்திக் கண்ணைச் சிமிட்டிப் பார்த்துக்கொண்டார். சாத்திய பிறகு வெளிர்ச் சுவரில் பூச்சிகள் மொய்த்தன. பார்வையைத் திருப்பினால் அவையும் கூடவே திரும்பின. வெளியே விரட்டக் கண்ணுக்குக் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. லிஃப்ட்டுக்குள் அவர், அவருக்குள் அவை.

கதவைச் சாத்தாமல் நேரம் கடத்தப் பார்த்தார்.

"யாருக்கு அண்ணே காத்திருக்கீங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா வர்றாங்க?" என்பார் நான்காம் மாடிக் கணக்கரம்மா. ஊருக்கே கேட்கும் குரல்.

"காத்து வரட்டும்மா" என்று சமாளிப்பார்.

அன்று சாயங்காலம் அந்தக் கணக்கரம்மா மட்டும் ஏறினார். கதவு சாத்தியாயிற்று. "காப்பாத்து, கடவுளே" என்று தொடங்கியபோதே லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. எல்லாம் கறுத்துப் போயிற்று.

கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். தெரியவில்லை. இன்னும் பக்கத்தில், மூக்கில் இடிக்கும்வரை கொண்டுவந்தார். இல்லை. அந்தக் குலுக்கலில் ஒட்டு விட்டுப்போயிற்றா? கணக்கரம்மாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. லைட் போயிருந்தால் இந்த அம்மா இந்நேரம் கட்டடத்தையே கூப்பிட்டிருக்க மாட்டாரா? வேண்டிக்கொள்ளப் பார்த்தார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எந்த வேண்டுதலைச் சொல்வது?

"அம்மா..."

"இருங்க அண்ணே, போனைத் தேடறேன். பையில எங்க போச்சோ."

"அம்மா, உங்களுக்கும் இருட்டா இருக்கா?"

பைக்குள் துழாவிய சத்தம் நின்றது.

"என்ன அண்ணே கேள்வி இது? கரண்ட் போனா உங்களுக்குத் தனி, எனக்குத் தனியா?"

"சத்தியமா சொல்லுங்க. உங்களுக்கும் ஒண்ணுமே தெரியலையா?"

"சத்தியமா! கும்மிருட்டு! என் மூக்கே எனக்குத் தெரியல, போதுமா?"

அவர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியாத ஒன்று பீறிட்டு வந்தது.

"நல்ல இருட்டும்மா. ரொம்ப நல்ல இருட்டு."

"மாட்டிக்கிட்டு நிக்கிறோம், நல்ல இருட்டாமே!"

போன் வெளிச்சம் வந்தது. கணக்கரம்மாவின் முகத்தின் மேல் பூச்சிகள் அலைந்தன. அவற்றைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார்: போன கண், கிழிந்த கண், கதவு. கணக்கரம்மா போன் வெளிச்சம் அவர் கண்ணில் படாமல் கீழே சாய்த்துப் பிடித்தார்.

மேலேயிருந்து எலக்ட்ரீஷியன் கத்தினார். "அண்ணே, பயப்படாதீங்க! மோட்டாரைக் கையால சுத்தி ஏத்தறேன்!"

"மெதுவா ஏத்துப்பா, ஒண்ணும் அவசரமில்ல!"

"எனக்கு அவசரம்!" என்று அலறினார் கணக்கரம்மா.

லிஃப்ட் அங்குலம் அங்குலமாக மேலே நகர்ந்தது. "நன்றி, கடவுளே" என்று இந்தத் தடவை வாய்விட்டே சொன்னார்.

அடுத்த முறை பார்த்த டாக்டரம்மா, ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது என்றார். பூச்சிகள் மொத்தமாகப் போகுமா என்று உறுதி சொல்ல முடியாது, பழகிவிடும் என்றார். இன்னும் பழகவில்லை. கதவும் அதே இடது பக்கத்திலிருந்துதான் வருகிறது.

கணக்கரம்மா மட்டும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தும்முன் குரலைத் தாழ்த்திக் கேட்பார். "எனக்கு வெளிச்சமா இருக்கு அண்ணே. உங்களுக்கு?"

"எனக்கும்தான்மா" என்று சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவை இழுப்பார்.