நாலு எலுமிச்சம்பழமும் ஒரு பெரிய பூசணிக்காயும்

இல்லடா சங்கரு, எலுமிச்சம்பழம் விக்கிறவளுக்கு காரப் பத்தி என்னா தெரியும்னு கேட்டியே, நல்லா கேட்ட. திண்டிவனத்துல இந்தக் கோயிலுக்கு எவன் புது வண்டி ஓட்டிக்கினு வந்தாலும், டயருக்கு அடியில வெக்கிற நாலு பழம் என் கூடையிலேர்ந்துதான் போவுது. எவன் வீடு கட்டினாலும் வாசல்ல கட்டுற பூசணிக்காயும் என் கடையிலேர்ந்துதான். எவன் எதை வாங்குறான்னு எனக்குத் தெரியும், வாங்கி ஒரு வருசம் ஆனப்புறம் அவன் மூஞ்சி எப்படி இருக்குதுன்னும் தெரியும். ஷோரூம்காரனுக்கு மொத பாதிதான் தெரியும்.

கோயிலுக்கு வந்தவங்களா? வாங்க, இப்படி நெழல்ல உக்காருங்க. இவன் என் புள்ள. விழுப்புரத்துல வேலை, வாடகை வீடு. அந்த வீட்டு ஓனரு பெங்களூர்ல மவன் கூடப் போய் இருக்கப் போறாராம். வீட்ட விக்கிறாரு. "வெளிய சொல்றதுக்கு முன்னாடி உங்களைக் கேக்குறேன், வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க"ன்னு மருமவ ரேவதிகிட்ட சொல்லியிருக்காரு. இவன் என்னடான்னா அதே வெள்ளிக்கிழமை இப்ப ஓட்டுற காரக் குடுத்துட்டு நாலாவதா ஒரு புதுக் காரு எடுக்கப் போறானாம். கையில இருக்கிற காசு ஒண்ணுக்குத்தான் வரும், ரெண்டுக்கும் வராது. ரேவதி இவன்கூடப் பேசி ரெண்டு நாளாச்சு. இவன் என்கிட்ட வந்து, "நல்ல பழமா நாலு எடுத்து வைம்மா"ன்றான். புள்ளைங்களுக்கு மீசை வந்தப்புறம் நம்ம பேச்சு எடுபடாதுன்றது எல்லா வீட்டுலயும் இருக்கிற பேஜாருதானே. அதான் புத்தி சொல்லாம கத சொல்லிக்கினு இருக்கேன்.

பத்து வண்டிக்கும் சேத்து

இவன் மொத காரு எடுத்த அன்னிக்கி நடந்தது. நல்ல முகூர்த்த நாளு. கடை முன்னாடி பூசணிக்காய மலையா குவிச்சி வெச்சிருந்தேன். அந்த லோடு கொண்டாந்த ஆட்டோக்காரன் ஒருத்தன், அவனுக்கு அன்னிக்கிக் காலையிலதான் பொண்ணு பொறந்திருந்துச்சி, சக்கரைய எனக்கு மட்டும் ரெண்டு தடவ குடுத்தான். சரி, அது வேற கத. குருக்கள் சந்தனம் குங்குமம் வெச்சி, கற்பூரம் காட்டி, "மெதுவா முன்னாடி எடுங்கோ"ன்னாரு. ஊரே பாக்குது, இவன் அவசரத்துல கியர மாத்திப் போட்டுட்டான். முன்னாடி போக வேண்டிய வண்டி சர்ருன்னு பின்னாடி வந்துச்சி.

பழம் நசுங்கிச்சோ இல்லையோ, என் பூசணிக்கா அத்தனையும் கூழு. பின் கண்ணாடியில வெத ஒட்டிக்கினு நிக்குது. ரேவதி வாயில முந்தானைய வெச்சிக்கினு சிரிக்கிறா. நான் அழுவறதா திட்டுறதான்னு தெரியாம நிக்கிறேன். குருக்கள் மட்டும் அசையல. தட்டுல விபூதிய எடுத்து நீட்டிக்கினே சொன்னாரு: "விடுங்கோம்மா, பத்து வண்டிக்கு உடைக்க வேண்டியதை உங்க புள்ள ஒரே நாள்ல உடைச்சுட்டாரு."

அதை இவன் ஆசீர்வாதம்னு எடுத்துக்கினான். அந்த வண்டி நாலு வருசம் கூட இவன்கிட்ட நிக்கல. அனந்தபுரத்து கண்ணன்னு ஒரு டிரைவரு, அவன் வாங்கிக்கினு போனான். அடுத்த வண்டியும் அதே மாதிரி அவன்கிட்டதான் போச்சு. கண்ணன ஞாபகத்துல வெச்சிக்கோங்க.

முன் சீட்டு ஹவுஸ் ஓனரு

காலேஜ் வாத்தியாரு ஒருத்தரு இருக்காரு, எனக்கு ரெகுலர் கஸ்டமரு. புது மாடலு வந்தா இவருக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு தடவ பூஜைக்கு வரும்போதும் முன் சீட்டுல ஒரு பெரியவரு ஜம்முனு உக்காந்து வருவாரு. வாத்தியாரு சம்சாரம் பின்னாடி. அப்பாவா இருக்கும்னு நெனச்சிக்கினு நானும் அவருக்கு ஒரு மொழம் பூவ சாமி படத்துக்குன்னு சும்மா குடுப்பேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவரு இவங்க குடியிருக்கிற வீட்டு ஓனரு. பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. கதவ சாத்தினதும் பழக்க தோசத்துல "போலாம் ரைட்"டுன்னுவாரு.

ஒரு நாளு கேட்டே புட்டேன். "ஏங்க, அவரு காருக்கு நீங்க எதுக்கு வர்றீங்க? நீங்களே ஒண்ணு எடுக்கலாம் இல்ல?" அவரு கண்ணாடிய எறக்கி, வாத்தியாரு காதுல விழாம சொன்னாரு: "கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் வாத்தியாரு காருதாம்மா. அவரு என் வீட்ட அனுபவிக்கிறாரு, நான் அவரு காரை அனுபவிக்கிறேன், ஆனா காரு பழசானாதான் அவருக்கு வருத்தம், என் வீடு வருசா வருசம் பழசாவறதுக்கு யாரும் வருத்தப்படறது இல்ல."

காருக்கு வீடு பாத்தவங்க

மயிலம் ரோட்டுல குடியிருந்தாங்க ஒரு புருசன் பொஞ்சாதி. தங்கமான ஜனங்க. அந்தப் பொண்ணு செவ்வாய்க்கெழம தவறாம எண்ணெயும் திரியும் வாங்கும். அதோட புருசன் சின்னக் காரக் குடுத்துட்டுப் பெரிய காரு எடுத்துது. மேல கூரை தெறக்குமாம். நம்ம ஊரு வெயிலுக்கு எவன் கூரையத் தெறப்பான், சொல்லுங்க. பூஜை எல்லாம் ஜோரா முடிஞ்சி போனாங்க. பாத்தா, வண்டி இவங்க சந்துக்குள்ள நொழையல. ரோட்டு மேல நிறுத்திட்டு, புருசன்காரன் ஜன்னலுகிட்டயே உக்காந்து காவல். எவனாவது கீறிட்டா?

அப்புறம் வேற வீடு பாக்க ஆரம்பிச்சாங்க. தண்ணி வருதான்னு கேக்கல, காத்து வருதான்னு கேக்கல, டேப்ப எடுத்துக்கினு போயி வாசல் கேட்டோட அகலத்த அளந்தாங்க. கடைசியில ஊருக்கு வெளிய ஒண்ணு கெடச்சுது. பாலு காய்ச்ச சாமான் வாங்க வந்துச்சி அந்தப் பொண்ணு. "வீடு எப்படிம்மா?"ன்னேன். கற்பூரத்த முந்தானையில முடிஞ்சிக்கினே சொல்லிச்சி: "ஷெட்டு நல்லா பெருசா இருக்குது ஆயா, மிச்ச எடத்துல நாங்க ஒண்டிக்கிறோம்."

தூக்கிக்கினு எங்க போறது

வீடு வாங்கினவன் எல்லாம் சிரிச்சிக்கினு இருக்கான்னு நான் சொல்ல வரல. சங்கரு, இதையும் கேளு, அப்புறம் அம்மா ஒரு பக்கமா பேசுறான்னு சொல்லாத. ஒரு மனுசன் ஆசையா வீடு கட்டினாரு. கெரகப்பிரவேசத்துக்கு என் கடையில இருந்ததுலயே பெரிய பூசணிக்காய எடுத்துக்கினு போனாரு. மஞ்சள், நவதானியம், தாம்பூலம், எதுலயும் கொறை வெக்கல. அதுக்கப்புறம் ஆளையே காணோம். மறு வருசம் வந்தாரு, ஒரே ஒரு கற்பூர டப்பா. மூஞ்சி தொங்கிப் போச்சு. என்னான்னு கேட்டா, பக்கத்து மனையில கல்யாண மண்டபம் வந்துடுச்சாம். வாரத்துல பாதி நாளு பாட்டுக் கச்சேரி. சாம்பாரு வாசன மட்டும் வருது, சாப்பாடு வரல.

என் கதையும் அதான். நானும் எங்க வூட்டுக்காரரும் கட்டின வீடு இங்க இருக்குது. அவரு போனப்புறம் விழுப்புரம் வந்து இருன்னு ரேவதி கூப்புடாத நாளு இல்ல. பூட்டிப் போட்டா கரையான் புடிக்கும், வாடகைக்கு விட்டா எவன் எப்படி இருப்பானோ. அந்த வீடு என்னை விட மாட்டேன்னுது. அதனால அந்த மனுசன் சொன்னது எனக்கும் குத்திச்சி: "வாடகைக்கு இருக்கிறவன் மண்டபம் வந்தா கெளம்பிடுவான் ஆயா, நான் வீட்டத் தூக்கிக்கினு எங்க போறது?"

பேத்தி கேட்டது

ஆனா ஒண்ணு. போன லீவுக்கு என் பேத்தி, இவன் பொண்ணு, வந்திருந்தா. ரெண்டாங்கிளாசு. அவ கையில ஒரு அட்டை நெறைய பட்டாம்பூச்சி ஸ்டிக்கரு. கேப்பைக் கூழு கரைச்சிக் குடுக்கிறேன், அதக் கூடக் குடிக்காம செவுத்த செவுத்தப் பாத்துக்கினே நிக்கிறா. தொடல, ஒட்டல. நான் "என்னாடி?"ன்னேன். கிட்ட வந்து குசுகுசுன்னு கேட்டா: "ஆயா, இந்த வீட்டு ஹவுஸ் ஓனரு எப்ப வெளிய போவாரு?"

கண்ணன் வந்தான்

இந்தப் பேத்தி கதையச் சொல்லும்போதுதான் சங்கரு மொத தடவ செல்போன கீழ வெச்சான். ஆனா வாய் அடங்கல. "வாடகைன்னா தலவலி இல்லம்மா. பைப்பு ஒழுகினா ஓனருக்குப் போனு. காருன்னா இன்னிக்கே ஏறி உக்காரலாம். வீட்டுக் கடன் கட்டி முடிக்கும்போது எனக்குத் தல நரைச்சிடும்"ன்றான். தல எப்படியும் நரைக்கும்டான்னு நான் சொல்ல வாயத் தெறக்கிறேன், வாசல்ல ஒரு வெள்ள வண்டி வந்து நின்னுச்சி. எனக்கு அந்த வண்டிய நல்லாத் தெரியும். என் பூசணிக்காயக் கூழாக்கின அதே வண்டி. இப்ப மஞ்சள் போர்டு.

எறங்கினான் கண்ணன். பின்னாடியே அவன் பொஞ்சாதி, கையில மஞ்சள் தடவின பத்திரிக. கண்ணனோட அப்பாவ எனக்குத் தெரியும், காலம் பூரா அடுத்தவங்க நெலத்துல கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கினவரு. ஓலைக் குடிசை, மழை வந்தா பாத்திரம் வெக்க எடம் தேடணும். கண்ணன் சங்கரு வித்த மொத வண்டிய வாங்கி வாடகைக்கு ஓட்டினான். புதுச்சேரி ஆஸ்பத்திரி சவாரி, மேல்சித்தாமூர் கோயிலுக்கு வர்ற ஜனங்க, கல்யாண சீசன், ஒண்ணையும் விடல. அப்புறம் ரெண்டாவது வண்டி. அதுக்குத் தம்பிய டிரைவரா போட்டான்.

"அனந்தபுரத்துல வீடு கட்டியிருக்கேன் ஆயா, ஞாயித்துக்கெழம கெரகப்பிரவேசம், பெரிய பூசணிக்கா ஒண்ணு குடுங்க"ன்னான். சங்கரப் பாத்ததும் ஓடி வந்து கையப் புடிச்சிக்கினான். "சார், நீங்க கட்டாயம் வரணும். மொத வண்டியில அஸ்திவாரம் போட்டேன், ரெண்டாவது வண்டியில தளம் போட்டேன்." அவன் பொஞ்சாதி பக்கத்துல நின்னுக்கினு தல ஆட்டுது. கிண்டல் இல்லீங்க, மனசாரச் சொல்றான், கண்ணு கலங்கிக்கினு நிக்கிறான். சங்கரு பத்திரிகைய வாங்கி, அதுல இருந்த வீட்டுப் போட்டோவையே பாத்துக்கினு நிக்கிறான். வண்டியில ஏறும்போது கண்ணன் திரும்பி வந்தான், மறந்துட்டத ஞாபகம் வந்த மாதிரி: "சார், இப்ப வெச்சிருக்கிற வண்டிய ஜல்தியா மாத்துங்க சார், நான் மாடி எடுக்கணும்."

அவன் வண்டி தெருமுனை திரும்பிச்சி. சங்கரு பத்திரிகைய மடிச்சி சட்டைப் பையில வெச்சான். அப்புறம் வெளிய போய் போன் போட்டான். காத கூர்மையாக்கிக்கினேன். "ரேவதி... ஹவுஸ் ஓனரு வீட்டுல இருக்காரா? சாயந்திரம் வந்து பேசுறேன்னு சொல்லு... ஆமா, அதுக்குத்தான்... சிரிக்காத." அந்தப் பக்கம் ரெண்டு நாளாப் பேசாதவ என்னா சொன்னாளோ, இவன் காது செவந்துபோச்சு. உள்ள எட்டிப் பாத்து, "வெள்ளிக்கெழமைக்குப் பழம் வேணாம்மா"ன்னான். அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்குப் பக்கத்துல நாளைக்கு மண்டபம் வந்தா, அதுக்கும் இவன் என்னைத்தான் திட்டுவான், திட்டட்டும், சொந்த வீட்டுல உக்காந்துகினு திட்டினா எனக்குச் சம்மதம்தான்.

டேய் சங்கரு, போன வெச்சிட்டியா? வாசல்ல கடைசியா ஒரு பெரிய பூசணிக்கா இருக்குது பாரு, எவனாவது வெலை கேக்கிறதுக்குள்ள உள்ள தூக்கிக்கினு வா!