கேட்காமல் சாப்பிடும் கலை

"இந்த வாய் இருக்கே, இது இதுவரைக்கும் எந்த ஓட்டல்லயும் 'எனக்கு இது வேணும், அது வேண்டாம்'னு கேட்டதில்லை. இனிமேலும் கேட்காது. நான் வீகன். பால், முட்டை, மாமிசம் எதையும் தொடமாட்டேன். ஆனாலும் எந்த ஊருக்குப் போனாலும் விருந்து என்னைத் தேடி வரும். கேட்டு வாங்கிச் சாப்பிடுறவன் சாதாரண வீகன். கேட்காம சாப்பிடுறவன் இருக்கானே..."

அடுத்த வார்த்தை கிடைக்காமல், தன் மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் லிஃப்ட் ஆய்வாளர். அலுவலகத்து ஆண்டு விருந்தில், யாரும் கேட்காமலே ஒலிபெருக்கியைப் பிடுங்கி அவர் செய்த பிரகடனம் இது. அன்றிலிருந்து அவருக்கு 'மூக்கு சார்' என்று பெயர். கொடுத்தவர்கள் கிண்டலுக்குத்தான் கொடுத்தார்கள். வாங்கியவர் பதவி உயர்வு மாதிரி வாங்கிக்கொண்டார்.

கட்டடம் கட்டடமாகப் போய், லிஃப்ட்டின் இரும்புக் கயிற்றில் இழை விட்டிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஆளை நசுக்காமல் மூடுகிறதா, உள்ளே மாட்டிக்கொண்டவன் மணியடித்தால் வெளியே எவன் காதிலாவது விழுகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது அவருடைய உத்தியோகம். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர். "தானா ஏறுது, தானா இறங்குதுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. கண்ணுக்குத் தெரியாம பின்னாடி ஏதோ ஒண்ணு பாரம் தாங்கிக்கிட்டு இருக்கும்" என்று கட்டடக்காரர்களுக்குப் பாடம் நடத்துவார். சொந்தச் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அந்தச் சந்தேகம் அவருக்கு வரவே இல்லை.

அவர் வீகனான கதையில் கேலி செய்ய ஒன்றுமில்லை. பால் பண்ணை ஒன்றில் சரக்கு லிஃப்ட்டைப் பார்க்கப் போனவர், கன்றைப் பிரித்துக்கொண்டு போனபோது தாய்ப்பசு கத்திய கத்தலைக் கேட்டார். வீட்டுக்கு வந்து காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தவர்தான், இன்றுவரை கொள்கையில் இம்மி பிசகவில்லை. கேலிக்கு இடம் கொடுத்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

மனிதருக்குக் கூச்சம். சர்வர் வந்து "என்ன வேணும் சார்?" என்று கேட்டாலே, களவுபோன பொருளைப் பற்றி விசாரிப்பது மாதிரி வியர்த்துவிடும். பாலில்லாமல், வெண்ணெயில்லாமல் செய்து கொடுங்கள் என்று ஓர் அந்நியனிடம் சொல்வதைவிட, கயிறறுந்த லிஃப்ட்டில் ஏறுவது அவருக்குச் சுலபம். வீகனான பிறகு போன முதல் வெளியூர்ப் பயணத்தில் வாழைப்பழமும் தண்ணீருமாகவே காலம் தள்ளிவிட்டு, சட்டை தோளில் நிற்காமல் வீடு திரும்பினார்.

அவருடைய மனைவி ஒரு பெரிய மருத்துவமனையில் விசாரணை மேசையில் தொலைபேசி எடுப்பவள். அந்தக் குரல் இனிமையானது. ஆனால் அது சொன்னால் சொன்னதுதான். தூங்கப்போன டாக்டர்களே அதைக் கேட்டுச் செருப்பைத் தேடுவார்கள். அடுத்த பயணத்தில் அவர் வழக்கம்போல அறையிலிருந்து கூப்பிட்டு, "இந்தாம்மா, ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரு சாப்பாட்டுக் கடை பார்த்து வெச்சிருக்கேன். குளிச்சிட்டுப் போகணும்" என்று கடையின் பெயரையும் சொன்னார். அவருடைய குளியல் அவசரப்படுகிற குளியல் அல்ல. அவர் தலையைத் துவட்டி முடிப்பதற்குள் அவள் அந்தக் கடையின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசி முடித்துவிட்டாள்.

அன்றைக்கு அவர் போய் உட்கார்ந்து, வியர்த்தபடி, "உங்களுக்குத் தெரிஞ்சதைக் கொண்டு வாங்க" என்றார். வந்தது. பாலில்லை, முட்டையில்லை, வெண்ணெய் வாசனைகூட இல்லை. காரம் அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு பிடி தூக்கல். மனிதர் பிரமித்துப் போனார்.

ஊர் திரும்பியதும் அவள் உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், தான் கண்டுபிடித்த சித்தாந்தத்தை விளக்க ஆரம்பித்துவிட்டார். வாசலில் நின்று மூச்சை ஒருமுறை இழுத்தால் போதும், சமையல்காரன் மனசு தெரிந்துவிடுமாம். நல்ல மனசுக்காரன் எதிரில் உட்கார்ந்தால், அவனுக்கே உள்ளிருந்து ஓர் உணர்வு தோன்றி, வெண்ணெயைத் தொடாமல் கையை இழுத்துக்கொள்வானாம். அவள் எடுத்த வாயை மூடிக்கொண்டாள். அன்று மூடியது ஆறு வருஷம் திறக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் அவர் கடையின் பெயரைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போக, ஊர் ஊராகப் போன் போய்க்கொண்டிருந்தது. மூக்கின் புகழும் ஓங்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் அவளுடைய அக்கா வீட்டுக்கே வந்து, கப்பல் பயணத்துக்குக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, போன தடவை கப்பல்ல போலாம்னு கூப்பிட்டா முட்டி வலின்னே. அதுக்கு முந்தின தடவை லீவு இல்லைன்னே. இந்தத் தடவை என்ன, பூனைக்குப் பிரசவமா?"

"இல்லக்கா, அவரும் அதே வாரம் வெளியூர் போறார்..."

"அவர் போனா உனக்கென்ன? நீ இடுப்புல தூக்கிக்கிட்டா போறே?"

வேறு வழியில்லாமல் அவள் சங்கதியைச் சொன்னாள். அக்கா சிரித்து ஓய்வதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிவிட்டது.

"அடிப்பாவி! ஊரைக் கூட்டி மூக்கு மூக்குன்னு சொல்றாரே, அந்த மூக்கு நீதானா?"

"மெதுவா பேசுக்கா. பக்கத்து ரூம்லதான் இருக்கார்."

"கேட்கட்டுமே. சொல்லித் தொலைச்சா என்ன?"

"முதல் தடவையே சொல்லியிருக்கணும். அப்போ அவர் முகத்தை நீ பார்க்கலை. பரிசு வாங்கிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்துச்சு. இப்போ சொன்னா மனுஷன் உடைஞ்சிடுவார். கப்பல்லேர்ந்து போனும் பண்ண முடியாது. பட்டினி கிடந்தே வந்துடுவாருக்கா."

"கடல்ல போகணும், கப்பல்ல போகணும்னு பள்ளிக்கூடம் போற காலத்துலேர்ந்து புலம்பினவ நீ. இந்தத் தடவையும் வரலைன்னா, இனிமே உன்னை நான் கூப்பிடமாட்டேன். சொல்லிட்டேன்."

அக்கா சொன்னால் செய்கிறவள். அதனால் இவள் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். கப்பல் முதலில் நிற்கிற துறைமுகத்தில் அவருக்குப் போன் போடுவாள். அவர் சாப்பிடவில்லை என்று தெரிந்தால், அங்கேயே இறங்கிப் பஸ் பிடித்து வந்துவிடுவாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டு சரி என்றாள்.

கிளம்புவதற்கு முன்னால் கணவரிடம் நயமாகக் கேட்டுப் பார்த்தாள். "என்னங்க, எங்கெங்க சாப்பிடப் போறீங்கன்னு இப்பவே சொல்லிட்டா தேவலை."

"முன்கூட்டியே எப்படிம்மா சொல்றது? வாசல்ல நின்னாத்தானே மூக்கு பேசும்."

"மூக்கு பேசறது இருக்கட்டும். வாயும் ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடும்?"

"எனக்கென்ன, ராஜபோகம். நீ நிம்மதியா போயிட்டு வா."

மூக்கு சார் அலுவலகக் காரில் கிளம்பினார். ஓட்டுநர் அவருடைய வயசுக்காரர்; உலகத்தில் அசைகிறது, அசையாதது எல்லாவற்றையும் சாப்பிடுகிறவர். மூக்கின் மகிமையை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை.

முதல் நாள் இரவு ஓர் ஓட்டல் வாசலில் நின்று மூக்கு சார் மூச்சை இழுத்தார். கண்ணை மூடினார். "நல்ல மனசுக்காரன்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு உள்ளே போய், "உங்களுக்குத் தெரிஞ்சதைக் கொண்டு வாங்க" என்றார். சர்வருக்குத் தெரிந்தது ஆட்டிறைச்சிக் குழம்பு. மேலே ஒரு பொரித்த முட்டை, சூரியன் மாதிரி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஓட்டுநர் அவர் முகத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார், மூக்குல ஜலதோஷமா?"

"ஊர் மாறினா காத்து மாறும். பழகணும்" என்றார் மூக்கு சார் கம்பீரமாக. தட்டின் ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த வெள்ளரித் துண்டுகளை மென்று, இரவை முடித்துக்கொண்டார். குழம்பு ஓட்டுநருடையதாயிற்று.

மறுநாள் காலையில் வெண்ணெய் வழிகிற ரொட்டி வந்தது. மதியம் பாலாடை மிதக்கிற சூப். இரவு வந்ததற்கு என்ன பெயர் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம்தான் கிடையாதே. ஒவ்வொரு தட்டும் மேசையைச் சுற்றி ஓட்டுநர் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஓட்டுநர் கண் முன்னால் பெருத்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் வேணா ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டுமா? 'எங்க சாருக்கு...'"

"நீங்க வண்டியை ஓட்டுங்க" என்றார் மூக்கு சார்.

அடுத்த நாள் ஒரு துணிக்கடையின் லிஃப்ட் கூண்டுமேல் ஏறி நின்று கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது, ஒரு கயிறு இரண்டாகத் தெரிந்தது. சான்றிதழில் இரண்டு என்று எழுதப் போனவர், சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஓட்டுநர் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, அதே தெருவில், ஸ்டேஷனுக்கு எதிரே மூக்கு சார் வருஷாவருஷம் சாப்பிடுகிற கடைக்குக் கொண்டுபோனார். 'கலை பிறந்த மேசை' என்று மூக்கு சார் ஆண்டு விருந்தில் வர்ணித்த மேசை அங்கேதான் இருந்தது.

கல்லாவில் இருந்த கடைக்காரர் முகம் மலர்ந்து எழுந்தார். "வாங்க சார், வாங்க! என்ன இப்படித் திடீர்னு? உங்க ஆபீஸ் மேடம் இந்தத் தடவை போன் பண்ணலையே?"

"எந்த மேடம்?"

"அதான் சார், எப்பவும் நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி பேசுவாங்களே. 'பால் கூடாது, முட்டை கூடாது, வெண்ணெய் பட்ட கரண்டியைக்கூட உள்ள விடாதீங்க. உருளைக்கிழங்கை வேகவெச்சு அப்புறம் வதக்குங்க, வதக்கிட்டு வேகவைக்காதீங்க. சார் ரொம்பக் கூச்ச சுபாவம், அவரா எதையும் கேட்கமாட்டார். நான் சொன்னதா மட்டும்...'" கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சொல்ல வேணாம்னாங்க."

ஓட்டுநர் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது.

வதக்கிட்டு வேகவைக்காதீங்க. இந்த உலகத்தில் அந்தச் சட்டத்தை இயற்றியவள் ஒருத்திதான். மூக்கு சார் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். ஆறு வருஷத்து விருந்துகள் ஒவ்வொன்றாக வந்து எதிரில் நின்று கைகட்டிச் சிரித்தன. ஒலிபெருக்கியைப் பிடுங்கியது ஞாபகம் வந்தது. போன கப்பல் பயணத்தின்போது அவளுக்கு வந்த முட்டி வலியும் ஞாபகம் வந்தது. அதற்காக அவர் வாங்கிவந்த தைலம் இன்னும் மூடி திறக்காமல் அலமாரியில் இருந்தது. அந்த வாரமும் அவர் வெளியூரில்தான் இருந்தார், அமோகமாகச் சாப்பிட்டார்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"என்னங்க, நான்தான். துறைமுகத்துல நிக்குது. சாப்பிட்டீங்களா?"

பின்னால் கப்பலின் சங்கு ஊதியது. "ஏண்டி, கப்பல்ல ஏறுற பலகையை எடுக்கப் போறான், வா!" என்று அக்காவின் குரலும் கேட்டது.

"ம்... சாப்பிட்டேன், சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

உறவினர் குரலைக் கேட்டே நோயாளிக்கு எத்தனை டிகிரி காய்ச்சல் என்று சொல்லிவிடுகிற காது அது. மூக்கு சார் வாயைத் திறந்தார். "கிழங்கு..." என்று ஆரம்பித்தார்.

"பொய் சொல்றீங்க. குரலே கிணத்துக்குள்ளேர்ந்து வருது. அக்கா, என் பையை எடு. நான் இறங்குறேன். சாயங்காலத்துக்குள்ள பஸ்..."

"இறங்காதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "லைன்லயே இரு. ஒரே நிமிஷம்."

போனைக் கையில் பிடித்தபடி எழுந்தார். சமையலறைச் சன்னல் வரைக்கும் நடந்தார். உள்ளே சமையல்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மூக்கு சாரின் நெற்றியெல்லாம் வியர்த்தது. ஒருமுறை கனைத்தார், அது யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை கனைத்தார்.

"அண்ணே... ஒரு விஷயம் கேட்கணும்."

"கேளுங்க சார்."

"நான் பால், வெண்ணெய், முட்டை, மாமிசம் எதுவும் சாப்பிடமாட்டேன். எனக்கு ஏதாவது செஞ்சு தர முடியுமா?"

"அதுக்கென்ன சார்? பயறு வெந்துக்கிட்டிருக்கு. கிழங்கு இருக்கு. எண்ணெய்ல வதக்கித் தர்றேன். இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க?"

மூக்கு சார் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் சங்கு மறுபடி ஊதியது. கடற்காற்று இரைந்தது.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு" என்றாள் அவள். "சரி, நான் ஏறுறேன்."

போனைப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகும் அவர் சன்னலை விட்டு நகரவில்லை. இரண்டு கையையும் அதன் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, தலையை லேசாக உள்ளே நீட்டினார்.

"அண்ணே, கிழங்கை முதல்ல வேகவெச்சிடுங்க. அப்புறம் வதக்குங்க. எலுமிச்சம்பழம் இருக்குமா? காரம் கொஞ்சம் தூக்கலா இருந்தா நல்லாயிருக்கும்."