மேல்லைன் ஆலயத்தில் இரண்டு பேர்

பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் மேல்லைனில் தங்கபாயை அறியாதவர் இல்லை. பெரிய கீர்த்தி ஒன்றுமில்லை. 2003ஆம் ஆண்டில் அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில் மிச்சம் இருந்ததே நான்கு வீடுகள்தான். தேயிலை விலை விழுந்து வேலை குறைந்ததும் மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலையிறங்கிவிட்டார்கள். மிஞ்சியதில் மூன்று வீட்டார் மாடனுக்கு விளக்கு வைக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போக இருந்தவள் தங்கபாய் ஒருத்திதான்.

ஆலயம் என்றதும் கோபுரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் தேட வேண்டாம். தகரக் கூரை, ஆறு பெஞ்சு, வாசலில் மணிக்குப் பதிலாகத் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அவ்வளவுதான். போதகர் ஏழு சபைகளைக் கட்டி மேய்க்கிற மனுஷர். மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர், பஸ் குறைந்தபின் வருஷத்துக்கு இரண்டு முறை வந்தார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவதும், அது முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் தங்கபாயின் பொறுப்பு.

கடைசிக் கிறிஸ்தவக் குடும்பமான எலிசாள் வீட்டார் இறங்கிப் போன வாரமும் அவள் மணியடித்தாள், பாடினாள், வாசித்தாள், ஜெபித்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்து, ‘வந்தவர்கள்’ என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினாள். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. ஆண்டவருடைய வீட்டில் உட்கார்ந்துகொண்டே இப்படி ஒரு பொய்யா என்று அவளுக்கு உடம்பு கூசியது. ஒன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள். அடுத்த வாரமும் இரண்டு. அதற்கடுத்த வாரமும் இரண்டு.

இவளுக்குக் கிறுக்கு என்று யாரும் அவசரப்பட வேண்டாம். ஆண்டவருக்குத் தனியாக ஒரு கிளாஸ் கட்டன் சாயா ஊற்றி வைக்கிற ரகமில்லை அவள். கொழுந்து நிறுக்கும்போது நூறு கிராம் குறைந்தால் சூப்பர்வைசரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறவள். அப்படிப்பட்டவள் இரண்டு என்று எழுதினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், இருந்தது.

1994 ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் அவள் புருஷன் சத்தியதாஸுக்கு நெஞ்சு வலித்தது. ஜீப்பில் ஏற்றி மலையிறங்கினால், ஒன்பதாம் வளைவில் மரம் சாய்ந்து வழியை அடைத்துக் கிடந்தது. ஆள் கூட்டிவர டிரைவர் கீழே ஓடினான். அவன் திரும்புவதற்குள் சத்தியதாஸ் அவள் மடியிலேயே அடங்கிவிட்டான். பட்டப்பகல், கொட்டுகிற மழை, ஜீப்புக்குள் அவளும் அந்த உடலும். இரண்டு மணி நேரம். அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், எழுந்தும் போகாமல் இருந்தார். அழுகை குறையவில்லை. ஆனால் அவள் தனியாக அழவில்லை. இதை அவள் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நின்று சாட்சி சொன்னது கிடையாது. அன்றிலிருந்து அவரை விட்டுவிட்டு எண்ண அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆராதனை நடக்கக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும் என்று சபையில் ஒரு விதி இருந்தது. மேல்லைனிலிருந்து சபை ஆபீஸுக்கு மாதாமாதம் வருகைக் கணக்கு இரண்டு, இரண்டு என்றே போய்க்கொண்டிருந்தது. “அங்கே ஒரே ஒரு ஆள்தானே இருக்கிறாள்?” என்று யாரோ போட்டுக்கொடுத்ததும் விஷயம் சூடுபிடித்தது. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சபைச் செயலாளர் சத்தியநேசன் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். நெய்யாற்றின்கரைக்காரர், ரிட்டயரான கணக்கு வாத்தியார்.

“சாவியும் ரெஜிஸ்டரும் எடுங்க தங்கபாய். ஒரு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும்” என்றார்.

“மணி அடிக்க நேரமாச்சு சாரே. ஆராதனை கழிஞ்சுதான் ரெஜிஸ்டர்.”

“ஆராதனைக்கு ஆரு இருக்கா? ஆளில்லாத இடத்திலே ரெண்டு ரெண்டுண்ணு எழுதி வச்சிருக்கீங்க. இது கள்ளக்கணக்கு இல்லியா?”

கள்ளம் என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. “நான் கள்ளம் எழுதல்ல. நானும் அவரும், ரெண்டு.”

“எவரு?”

“இது ஆருக்க வீடு சாரே?”

சத்தியநேசன் நெற்றியைத் தடவிக்கொண்டார். “அது விசுவாசம். இது ரெஜிஸ்டர். ரெண்டையும் போட்டுக் குழைக்கப்பிடாது. பூட்டிச் சாவி வாங்கீட்டு வரணும்ணு தீர்மானம் போட்டாச்சு. எஸ்டேட்காரங்க உரம் வைக்க இடம் கேக்காங்க. நீங்களும் கழக்கூட்டத்துக்கு மகளுக்க கூடப் போயிருங்க. ஒற்றைக்கு இங்கே எதுக்கு?”

மகள் சிஜி கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸைத் துப்புரவு செய்கிறவள். அவளும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கழக்கூட்டத்திலும் ஆண்டவர் இருப்பார், அதில் தங்கபாய்க்குச் சந்தேகமில்லை. அவர் இங்கே இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் பூட்டுவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“பூட்டணும்னா பூட்டுங்க சாரே. சாவி தாறேன். ஆனா ஆளில்லேண்ணு எழுதிப் பூட்ட விடமாட்டேன். இண்ணைக்கு ஞாயிறு, முதல்ல ஆராதனை” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் இரும்புக் கம்பியை எடுத்து, மலை அதிர மூன்று தட்டுத் தட்டினாள்.

மழை பிடித்துக்கொண்டதால் சத்தியநேசனுக்கும் வெளியே நிற்க முடியவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் பாட்டில் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பாட்டில் தங்கபாய் ராகத்தை எங்கோ கொண்டுபோனபோது, வாத்தியார் குணம் பொறுக்காமல் அவரும் சேர்ந்து பாடி அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். “பாடம் நீங்க வாசியுங்க சாரே, எனக்குக் கண்ணு தெரியல்ல” என்றதும் எழுந்து முன்னால் வந்து வாசித்தார். பிறகு அவள் ஜெபித்தாள். மழைக்காக, மாடன் கோயில்காரர் வீட்டுக் காய்ச்சல்காரிக்காக, சிஜிக்காக. கடைசியில், “இந்த சத்தியநேசன் சாருக்க வீட்டுக்காரி போன வருஷம் மரிச்சுப் போயிட்டாளாம், ஆண்டவரே. அவரு சாயங்காலம் போய்க் கதவைத் திறக்கும்போ நீர் உள்ளே இரியும்” என்றாள்.

“ஆமென்” என்று சத்தியநேசனும் சொன்னார்.

தங்கபாய் பதிவேட்டையும் சாவியையும் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள். “நீங்களே எழுதுங்க” என்றாள்.

அவர் பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார், வாசித்த பாடத்தை எழுதினார். ‘வந்தவர்கள்’ கட்டத்தில் இரண்டு என்று எழுதினார். “இண்ணைக்காவது இது சரியான கணக்கு” என்றார்.

தங்கபாய் குனிந்து பார்த்தாள்.

“போன ஞாயிறும் ரெண்டு” என்று மேல்வரியில் விரல் வைத்தாள். “இண்ணைக்கு நீங்க வந்திருக்கீங்க. அப்பவும் ரெண்டுண்ணா, வெளியே போனது ஆரு சாரே?”

கணக்கு வாத்தியார் அந்த இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். தகரத்தின் மேல் மழை அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, மூடிய பேனாவை மறுபடி திறந்து, தாம் எழுதிய இரண்டை அடித்தார். மூன்று என்று எழுதி, திருத்தியதற்கு அடையாளமாகப் பக்கத்திலேயே முழுக் கையெழுத்தும் போட்டார்.

ஒரு மணி பஸ்ஸுக்கு அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். சாவி அவள் வைத்த இடத்திலேயே, பதிவேட்டின் பக்கத்தில் இருந்தது.