எங்கள் ஊருக்கு வராத டீம்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். மாநில அளவில் புதிதாக ஒரு கால்பந்து லீக் வரப்போகிறதாம், நம் மாவட்டத்துக்கும் ஒரு டீம் உண்டாம். அதை எந்த ஊருக்குக் கொடுப்பது என்று எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் மூன்று நாளாகச் சண்டை. நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்ட சித்தி, ஸ்டேடியம் இருக்கிற ஊருக்குத்தானே கொடுப்பார்கள் என்கிறாள். மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன், பணம் புழங்குகிற இடத்தில்தான் டீம் நிலைக்கும் என்று குரல்பதிவு மேல் குரல்பதிவாக அனுப்புகிறான். அஞ்சுகிராமத்தில் மனை வாங்கிப் போட்டிருக்கும் அத்தான், காலி இடம் எங்கள் பக்கம்தான் கிடக்கிறது என்கிறார். அவர் கவலை பந்தைப் பற்றியா மனை விலையைப் பற்றியா என்று எனக்குச் சந்தேகம். ஆபீஸ் விட்டு வந்து, உலை வைத்து, பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போனை எடுத்தால் எல்லாரும் தகுதி, தகுதி என்று எழுதிக் குவித்திருக்கிறார்கள். நான் ஒன்றுக்கும் பதில் போடுவதில்லை. அலுத்துவிட்டது.

இந்தப் பேச்சை நான் ஆறாம் வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். அப்போதும் ஒரு லீக் வந்தது. ஊர் ஊராகப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல மூன்று பேர் கொண்ட கமிட்டி ஒன்று சென்னையிலிருந்து கிளம்பியது. மைதானம் எப்படி, தங்க லாட்ஜ் உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா, பார்க்க ஆள் வருமா என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருந்தது. கடியப்பட்டணத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் லாட்ஜ் கிடையாது. கார் நிறுத்த இடம் கேட்டால் வள்ளம் ஏற்றிப் போட்டிருக்கும் மணலைத்தான் காட்ட வேண்டும். மாதா கோயிலை ஒட்டிய மணல்வெளிதான் மைதானம், அதிலும் ஒரு பக்கத்துக் கோல்கம்பத்தில் எந்நேரமும் யாராவது வலை காயப்போட்டிருப்பார்கள்.

ஆனால் ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள். காலையில் பூசை, சாயங்காலம் பந்து. கைக்குழந்தைக்காரிகள்கூட வீட்டில் இருக்கமாட்டார்கள். அதை நம்பித்தான் எங்கள் கிளப் செயலாளர், ஓய்வுபெற்ற வாத்தியார், கமிட்டிக்குக் கடிதம் எழுதினார். வேறு ஒன்றும் பார்க்க வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்டத்தை வந்து பாருங்கள் என்று. அவர்களும் நாலு மணிக்கு வருவதாக ஒத்துக்கொண்டார்கள்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார், அப்பாவோடு கடலுக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் விளையாடுவார். அவருக்கு பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலைக்கு விசா வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் கிளம்பாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். இந்தச் சமயத்தில்தான், டீம் கிடைக்கிற ஊரில் நாலு உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்துக்கொள்வார்கள், மாதச் சம்பளம் கொடுப்பார்கள் என்ற செய்தி வந்தது. நாலு பேரில் முதல் ஆள் மாமா என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

“பந்து விளையாடுனா மாசச் சம்பளமாம்க்கா, கேட்டியா?” என்று அம்மாவிடம் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வார்.

“கிடைக்கட்டும். கிடைச்சா நீ இஞ்சயே கிடப்ப இல்லியா,” என்று அம்மா மீனை அரிந்துகொண்டே சொல்வாள். மாதாவுக்கு அவள் ரகசியமாக மெழுகுதிரி நேர்ந்திருந்தாள். ரகசியம் என்றால், எனக்கும் தெருவில் ஏழெட்டு வீட்டுக்கும் மட்டும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டரை மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. மதில் மேல் ஆள், தென்னையில் ஆள், வள்ளங்களின் மேலெல்லாம் ஆள். கமிட்டி வருகிறதே என்று எல்லாரும் ஒரே நிறத்தில் சாக்ஸ் போட வேண்டுமென்று செயலாளர் உத்தரவு. அம்மா துவைத்துக் காயப்போட்ட சாக்ஸை மாமா கொடியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். ஓடிப்போய் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினார்.

தெருவில் ஈ காக்கை இல்லை. சாக்ஸை உருவிக்கொண்டு திரும்பும்போது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கூப்பிட்டாள். அவளுடைய மாமனார் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர். பங்குச் சாமியார் இரண்டு தடவை வந்து கடைசிப் பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகும் எழுந்து கஞ்சி கேட்டவர். அன்று கேட்கவில்லை.

“ஏட்டி மக்களே, பாட்டா கண்ண மூடிட்டாவ. ஓடிப்போய் கோயில்பிள்ளைட்ட மணி அடிக்கச் சொல்லு. எனக்குக் கையும் ஓடல்ல காலும் ஓடல்ல.” அவள் புருஷன் துபாயில் இருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முதலில், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை துக்கமணி அடிப்பார். அடித்துவிட்டால், அடக்கம் முடியும்வரை வள்ளம் இறங்காது, பாட்டுப் போடமாட்டார்கள், பந்து உருளாது. செத்தவர் ஏழெட்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத சண்டைக்காரராக இருந்தாலும் சரிதான். அடிக்கும்வரை, ஊரைப் பொறுத்தவரை, யாரும் சாகவில்லை.

மாமா கோயில் மதிலோரம் வெறுங்காலோடு நின்றிருந்தார்.

“கொண்டந்தியா?”

கொடுத்தேன். விஷயத்தையும் சொன்னேன். ஒரு காலில் சாக்ஸை ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“வேற யாருட்டயாவது சொன்னியா?”

“இல்ல மாமா. ஒங்ககிட்டதான் மொதல்ல.”

அவர் மைதானத்தைப் பார்த்தார். செயலாளர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, சுண்ணாம்புக் கோடு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, சொன்னதில் ஏதோ தப்பு என்று நினைத்துவிட்டேன்.

“அங்க அவளுக்குக் கூட யாரு நிக்கா?” என்று கடைசியில் கேட்டார்.

“யாருமில்ல. அந்த அக்கா மட்டுந்தான். நின்னு அழுதுட்டு இருக்காவ.”

“பொறவு நீ என்னத்துக்கு நிக்க? ஓடு. வேகமா ஓடு.”

கோயில்பிள்ளையைத் தேடி ஓடினேன். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது வந்தவள், சொல்ல வேண்டுமா? மணி அடித்தது. மைதானத்தில் சத்தம் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. ஒருவரும் முணுமுணுக்கக்கூட இல்லை. தென்னையில் இருந்தவர்கள் இறங்கினார்கள், பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்கள், ஊர் முழுக்கத் துக்க வீட்டைப் பார்த்து நடந்தது. அந்த அக்காவைச் சுற்றி உட்கார இடமில்லாமல் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

கமிட்டியின் கார் எங்கள் தெரு வழியாகத்தான் வந்தது. அத்தனை கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஏதும் திருவிழாவா என்று செயலாளரிடம் கேட்டார்களாம். அவர் விளக்கிச் சொல்லி, அடுத்த ஞாயிறு வாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். அவர்கள் நல்ல மனுஷர்கள்தான், தொப்பியைக் கழற்றி அனுதாபம் சொன்னார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு வேறு மாவட்டமாம். காலடியால் மைதானத்தை அளந்தார்கள், சோடா குடித்தார்கள், போய்விட்டார்கள். பார்வையாளர்கள் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு கிழித்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் செயலாளர் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அடக்கம் முடிந்ததும் செயலாளர் நாலைந்து பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சின்னப்பிள்ளை வந்து சொன்னது என்று கோயில்பிள்ளை சொல்லியிருக்க வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

“செத்தவரு எங்கயும் எந்திச்சுப் போவமாட்டாரு. ரெண்டு மணிக்கூறு பொறுத்து அடிச்சா ஆவாதா? அப்பிடி அவசரமா அடிக்கச் சொன்னது யாரு?”

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “நாந்தான்,” என்றார்.

“நீயா? ஒனக்குள்ள வேலைதானலே போச்சு!”

“ஆமா. நாந்தான் சொல்லச் சொன்னேன்.”

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா மாமாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். மாதக் கடைசியில் அவர் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினார். அந்த லீக் இரண்டு வருஷத்தில் நின்றுபோனது. எப்படியானாலும் போயிருப்பான் என்று அம்மா இப்போது சொல்கிறாள். மனசைத் தேற்றிக்கொள்ளத்தான், வேறென்ன? அந்த இரண்டு வருஷமாவது விளையாடியிருப்பார் என்று எனக்குத் தோன்றும், சொல்வதில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறார். முட்டுவலியாம்.

அன்றைக்கு எனக்கு மாமாவின் மேல் பாசம் பொங்கிவிட்டது. ஓடியது நான், கோயில்பிள்ளையிடம் சொன்னது நான். அடி விழாமல் என்னைக் காப்பாற்ற மாமா எத்தனை பேர் முன்னால் பொய் சொன்னார்! சந்தோஷத்தோடு பயமும் வந்தது. அந்த வாரப் பாவசங்கீர்த்தனத்தில், என்னால் மாமா ஒரு பொய் சொல்லிவிட்டார் என்று முழுவதையும் சாமியாரிடம் ஒப்பித்தேன். ஓடச் சொன்னது யார் என்று தட்டியின் அந்தப் பக்கமிருந்து கேட்டார், மாமாதான் என்றேன். பிறகு, மாமாவுக்காக மூன்று அருள்நிறை மரியே சொல்லம்மா என்றார். மாமா செய்த பாவம் தீரட்டும் என்று முழங்காலில் நின்று மூன்றையும் சொன்னேன். அவர் அன்று பொய்யே சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.