அக்காவின் பூனைக்கு நான் போட்ட ஊசி

என் அக்காவின் பூனையைக் கொன்றவன் நான். அதைக் கொன்றது அவள்தான் என்று அவளையே நம்ப வைத்தவனும் நான்.

முன்னுரை இல்லாமல் தொடங்கிவிட்டேன். மேடையில் நான் இப்படிப் பேசுவதில்லை. அவையை வணங்கி, நடுவரைப் புகழ்ந்து, எதிரணியைச் சற்றே சிரிக்க வைத்த பிறகுதான் வாளை உருவுவேன். உங்கள் முன் அந்த அலங்காரங்கள் எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை...

அப்போது நான் கல்லூரி மாணவன். சிவகாசியில் ஓரறை வாடகை வீடு. பெற்றோர் வெம்பக்கோட்டைப் பக்கம் மழையை நம்பிய நிலத்தோடு போராடிக்கொண்டிருக்க, நானும் அக்கா மாரீஸ்வரியும் நகரத்தில் இருந்தோம். அவள் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போவாள். நான் கல்லூரிக்குப் போவேன்; கல்லூரியைவிட அதிகமாகப் பேச்சுப் போட்டிகளுக்குப் போவேன். அவள் உழைப்பில் நான் முழங்கினேன். அதில் எனக்குக் கூச்சமே இருந்ததில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களோடு மூன்றாவதாக ஓர் உயிர் இருந்தது. சங்கு. கொழுத்த, வெண்ணிறக் கடுவன் பூனை. வேன் வந்து நிற்கும் ஓசையை அது தெருமுனையிலேயே அறிந்துகொள்ளும். அக்காவின் சேலையில் கந்தக நெடி வீசும். அந்த நெடியைத்தான் அது தாயின் மணமாக எண்ணியதோ என்னவோ, மடியில் முகம் புதைத்து உறங்கும்.

ஒரு கோடையில் சங்கு குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. உடல் இளைத்தது. பின்னங்கால்கள் துவண்டன. விருதுநகரில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். நீரிழிவு என்றார். காலையும் மாலையும் இரண்டு யூனிட் இன்சுலின் ஊசி. சோறும் பாலும் கூடாது. உப்பில்லாமல் அவித்த மீனோ கோழியோ கொடுத்து, அது தின்ற பிறகே ஊசி.

தெருவே சிரித்தது. “பூனைக்குச் சுகரா? அடுத்து எலிக்குப் பிரசர் வந்திரும் பாத்துக்க!” என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி.

அக்கா சிரிக்கவில்லை. “நீ படிச்சவன். ஊசிய நீ போடுலே. எங்கையி காச்சுப்போன கையி, வாயில்லாச் சீவனக் கண்டபடி குத்திப்புடும்” என்றாள்.

இனிதான் என் குற்றத்தின் முதல் படி. விருதுநகரில் அன்றே மருத்துவர் மருந்துக் குப்பியைக் கையில் எடுத்து, “இதக் குலுக்கக் கூடாது தம்பி. ஆனா...” என்று தொடங்கினார். எதிராளியின் வாக்கியத்தை நானே முடித்துவைப்பது என் கலை. அந்தக் கலைக்காகக் கைதட்டல் வாங்கியவன் நான்! “தெரியும் டாக்டர்! நாங்க வெடி ஊர்க்காரங்க. எதையும் குலுக்க மாட்டோம்” என்றேன். அவர் சிரித்தார். வாசலில் ஓர் ஆடு கத்தியது. யாரோ அவரை அழைத்தார்கள். அந்த ‘ஆனா’ அங்கேயே நின்றுபோயிற்று.

குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே மெல்ல உருட்ட வேண்டும் என்பதே அவர் சொல்ல வந்தது. அசையாமல் நின்றால் அந்த மருந்து பிரிந்துவிடும். மேலே தெளிந்த நீர், அடியில் வெண்மாவு போன்ற படிவு. வீரியமெல்லாம் அந்தப் படிவில்.

எங்கள் வீட்டிலோ உருட்டுதல் என்பதே பாவம். ஆலையில் அக்கா கற்ற முதற்சட்டம் அது: எதையும் உருட்டாதே, இழுக்காதே, உரசாதே, தூக்கி வை. ஓர் உரசலில் ஓர் அறையே வானுக்குப் போவதை அறிந்த ஊர் எங்களுடையது. அந்தச் சட்டம் வேனில் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. காலியான காஸ் சிலிண்டரைக்கூட அக்கா உருட்டவிட மாட்டாள். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் நிரப்பிய பானைக்குள் குப்பியை அவள் அப்படித்தான் வைத்தாள். எடுக்கையிலும் வைக்கையிலும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. அடியில் தங்கிய வெண்மையைப் பார்த்தேன். கசடு என்று முடிவு செய்தேன். அதைக் கலக்கிவிடாமல், குப்பியை மெல்லச் சாய்த்து, மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சினேன். எவ்வளவு நுணுக்கம்! எவ்வளவு கர்வம்!

வாரங்கள் கடந்தன. சங்கு தேறவில்லை. அதே தாகம், அதே தளர்ச்சி.

ஊசி போடுபவன் நான். ஆகவே ஊசியில் பிழை இருக்க முடியாது. அப்படியானால் பிழை உணவில். உணவு யார் கையில்? அக்காவின் கையில். இதோ, மூன்றே வரிகளில் வழக்கு முடிந்தது! மேடையில் இதைவிடப் பலவீனமான வாதங்களைக் கொண்டு நான் வென்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் கண்கள் உளவாளியின் கண்களாயின. அவள் முந்தானையில் என்ன முடிந்து வருகிறாள்? ஏன் வீட்டுக்குள் வந்ததும் முதலில் பூனையிடம் போகிறாள்? ஏன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அமர்கிறாள்? பூனையின் வாயை முகர்ந்து பார்த்தேன். பால் பாத்திரத்தின் மூடியில், அவள் கவனத்துக்குப் படாத அளவு மஞ்சள்தூளைத் தூவி வைத்தேன். மறுநாள் மூடியில் விரல் தடம் இருந்தது. தனக்குத் தேநீர் போட அவள் பாலை எடுத்திருக்கலாம் அல்லவா? அல்லவே! சந்தேகம் கொண்டவனுக்குச் சாட்சியம் என்றைக்குப் பஞ்சமாயிற்று?

ஒரு மாலை அவளை நிற்க வைத்து விசாரித்தேன்.

“ஏலே, நீ பூனைக்கு வக்கீலா, எனக்குப் போலீசா?” என்று முதலில் சிரித்தாள். நான் சிரிக்காததைக் கண்டு அவள் முகம் மெல்ல மாறியது. “ஒரே ஒரு நாளு... ஆர்டர் முடிஞ்சுதுன்னு கம்பெனியில பன்னு குடுத்தாக. அது காலச் சுத்திச் சுத்திக் கத்துச்சு. ஒரு துண்டு பிச்சுப் பாலுல நனைச்சுப் போட்டேன். அம்புட்டுத்தாம்லே.”

ஒரு துண்டு! எனக்கு அது போதும். அன்று அந்தச் சிறிய அறையில் நான் ஆற்றிய உரையை நினைத்தால் இன்றும் என் நாக்கு கூசுகிறது... அன்பு என்ற பெயரில் நஞ்சூட்டுபவள் என்றேன். அறியாமையே உன் ஆயுதம் என்றேன். அவள் கூலியில் படித்த தமிழ் அத்தனையையும் அவள்மீதே எறிந்தேன்.

அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. மறுநாள் முதல் பூனையின் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அது மடியேற வந்தால் எழுந்துகொள்வாள். ஏன் எழுகிறாய் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. ‘குற்ற உணர்வு’ என்று எனக்குள் குறித்துக்கொண்டேன்!

மருந்து குறைந்துகொண்டே வந்தது. மழை பெய்து ஆலைக்கு விடுமுறை விட்ட ஒரு நாள் காலை, குப்பியை முழுவதும் கவிழ்த்தால்தான் ஊசிக்கு எட்டும் என்ற நிலை. கவிழ்த்தேன். ஊசிக்குழாயில் பால்போல் வெண்மையாக ஏறியது. ஒரு கணம் தயங்கினேன்... தயங்கினேன் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. விருதுநகரில் அன்று பிற்பகல் எனக்குப் பேச்சுப் போட்டி. மனம் முழுவதும் என் தொடக்க வரியிலேயே இருந்தது. போட்டுவிட்டேன்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படும் வேளையில் சங்கு சுவரில் முட்டியது. நடக்க முயன்று சரிந்தது. வாயோரம் துடித்தது.

அக்கா அலறியெழுந்தாள். “ஏலே, மயக்கம்லே இது! கம்பெனியில யாராச்சும் மயங்குனா சீனித்தண்ணிதான் குடுப்போம். செத்தோண்டு நாக்குல தடவட்டுமா?”

சீனி! இந்தப் பூனைக்குச் சீனியா! நான் சந்தேகப்பட்டதெல்லாம் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டதாக எண்ணினேன். மீண்டும் எதையோ ஊட்டியிருக்கிறாள், சர்க்கரை ஏறித்தான் இது துவள்கிறது, இப்போது மிச்சத்தையும் முடிக்கப் பார்க்கிறாள்...

“நேத்து என்ன குடுத்த?” என்றேன்.

“சத்தியமா ஒண்ணும் குடுக்கலடா.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? சீனி டப்பாவை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வந்து டாக்டரிடம் கொண்டுபோகலாம், அதுவரை எதுவும் கொடுக்காதே என்று ஆணையிட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். அந்தப் பை என் காலடியில் இருக்க, மேடையில் முழங்கினேன். அன்று எனக்கு முதற்பரிசு. எதைப் பற்றிப் பேசினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

திரும்பி வந்தபோது சங்கு ஒரு பழைய சேலையில் சுற்றப்பட்டிருந்தது. அக்கா அதைத் தொடாமல் ஓரடி தள்ளி அமர்ந்திருந்தாள்.

“பக்கத்துக் கடையில சீனி இல்லாமலா போச்சு? வாசல் வர போனேன். நீ வேண்டாம்னுட்ட... நீ சொன்னாச் சரியாத்தான இருக்கும்னு திரும்பிட்டேன்” என்றாள்.

சில நாள் கழித்து, அடியில் எஞ்சியிருந்த மருந்தை யாருக்காவது பயன்படட்டும் என்று மருத்துவரிடம் எடுத்துச் சென்றேன். உண்மையைச் சொன்னால், அக்காவைப் பற்றி முறையிட்டு என் தீர்ப்புக்கு ஒரு கையொப்பம் வாங்கவே சென்றேன். அவர் குப்பியை வாங்கினார். பேசிக்கொண்டே, பழக்கத்தில், உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினார். அடியிலிருந்து வெண்மை புகைபோல் எழுந்து எஞ்சிய மருந்து முழுவதும் ஒரே சீராகப் பரவியது.

அப்படியானால் வாரக்கணக்கில் நான் ஏற்றியது வெறும் நீர்; கடைசி நாள் ஏற்றியதோ மொத்த வீரியமும். சங்குக்கு அன்று சர்க்கரை ஏறவில்லை, அடியோடு இறங்கியிருந்தது; அக்கா கேட்ட சீனிதான் அதற்கு மருந்து.

“தினமும் இப்படி உருட்டித்தான போட்டீங்க?” என்றார்.

“ஆமா டாக்டர்.”

இரண்டே சொற்கள். என் வாழ்வில் நான் பேசிய மிகச் சிறிய பொய் அது; இதுவரை நான் பேசிய அனைத்தையும் அது விழுங்கிவிட்டது.

“அப்ப சாப்பாட்டுலதான் எங்கயோ கோளாறு” என்றார் அவர்.

வீடு திரும்பினேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “டாக்டர் என்ன சொன்னாரு?”

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் மருத்துவரின் வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. “சாப்பாட்டுலதான் எங்கயோ கோளாறாம்.”

அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான்.

பிறகு எனக்கு நானே எத்தனை வாதங்கள் அடுக்கினேன்! உருட்டாதே என்ற சட்டம் அவள் கொண்டுவந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பழியும் அவளையே சுடும், ஆகவே என் மௌனம் கருணை என்று ஒரு வாதம். பூனை எப்படியும் முதுமையை நெருங்கியிருந்தது என்று ஒன்று. எல்லாம் கேட்கச் செறிவாக இருந்தன. ஒன்றிலும் அவள் முகம் இல்லை. உண்மை இதுதான்: அவள் கண்ணில் நான் தவறாத தம்பி. அந்த இடத்தைவிட்டு இறங்க எனக்கு மனமில்லை... இன்றும் இல்லை.

அக்காவுக்கு ஏழாயிரம்பண்ணையில் மணமாகி, இப்போது ஒரு பெண்குழந்தை இருக்கிறது. சென்ற மாதம் போயிருந்தேன். குழந்தைக்கு முதன்முதலாகப் பருப்புச் சோறு பிசைந்தவள், கையை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தாள். “இது குடுக்கலாமா?”

மச்சான் சிரித்தார். “நல்ல கூத்துப் போ! பெத்த பிள்ளைக்குச் சோறூட்ட உத்தரவு கேக்குறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்.”

“எங்கையி ஆகாத கையிங்க. தம்பிக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க” என்றாள் அக்கா. விளையாட்டாகச் சொல்லவில்லை. வருத்தமாகவும் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். குழந்தை வாயைத் திறந்து காத்திருந்தது. சொல்ல வேண்டிய வாக்கியம் என் தொண்டையில் முழுமையாக, பிழையின்றி நின்றது...

“கொஞ்சமா குடு அக்கா” என்றேன்.