இரண்டு பட்டாளத்து வீடுகள், ஒரு வாடகைக் கார்

1972 ஜனவரி 20, வியாழக்கிழமை, காலை ஆறு பத்து. எதிரில் வரும் மாடு தெரியாத பனி. நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு இருபது மைல். வாடகைக் காரின் பின்சீட்டில் என் மனைவியின் தோளில் சாய்ந்திருந்த மகளுக்கு எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பிரசவ வலி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ராணுவத்தில், போர் முடிந்தும் எல்லையிலிருந்து திரும்பவில்லை. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு இலவச வைத்தியம் உண்டு. அது சென்னையில் இருந்தது. இருநூறு மைல்.

மூன்றாவது மைலில் பாலத்தின் குறுக்கே மரக்கட்டை. சம்பா அறுவடைக் கூலித் தகராறு முற்றியிருந்த நேரம். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை ஏற்றி வருகிறார்களா என்று பார்க்க, விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடியோடு ஒவ்வொரு வண்டியையும் மறித்தார்கள். அவர்களில் உயரமானவன் என் ஆறு ஏக்கரில் அறுக்கிறவன். அறுத்த கலத்துக்கு அரைப்படி நெல் கூலி கூட்டித் தர முடியாது என்று போன வாரம்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

"பொண்ணுக்கு வலி எடுத்திருச்சுப்பா. பட்டாளத்தான் பொண்டாட்டி," என்றேன்.

"அரைப்படிக்கு அவ்ளோ பேசினீங்க, இப்ப குரல் இறங்கிருச்சே," என்றபடி அவனே கட்டையை நகர்த்தினான். பிறகு ஜன்னலில் குனிந்தான். "என் தம்பியும் பட்டாளத்துலதாங்க இருக்கான். அவன் பொண்டாட்டி பெத்து நாலு நாளாச்சு, ஜுரம் கொதிக்குது. எங்க தெருவுக்கு எந்தக் காரும் வர மாட்டேங்குது. ஏத்திக்கிறீங்களா?"

"நீயும் ஏறினா டிரைவரோட, பச்சக் குழந்தையோட ஏழு பேராயிடுமே..."

"அப்பா, எண்ணுறதை ஆஸ்பத்திரியில வச்சுக்குங்க. ஏத்துங்க," என்றாள் மகள்.

அவர்கள் தெருவுக்குள் புகுந்து, அந்தப் பெண்ணையும் சிசுவையும் ஏற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகிவிட்டது. உயரமானவன் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தான். ஜன்னலோரம் நான் இருந்ததால் செங்கொடியை என் கையில் கொடுத்தான்.

"நல்லா வெளிய நீட்டிப் பிடிங்க. தூரத்துலேயே தெரியணும்."

நீட்டினேன். அடுத்த மூன்று பாலங்களிலும் நாங்கள் போய்ச் சேரும் முன்பே கட்டை விலகியது. டிரைவர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அம்மாப்பேட்டை டீக்கடையில் எனக்குத் தெரிந்த மிராசுதார் ஒருவர் கிளாசை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். காற்றில் கொடி படபடக்க, பயத்திலும் ஒரு குஷி ஏறி, நான் அவருக்குக் கொடியாலேயே கை காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "ரெண்டு பேரும் ஒரே வீடா?" என்று கேட்டாள்.

"ஒரே பட்டாளம்மா," என்றான் உயரமானவன்.

ஏழு ஐம்பத்தைந்துக்குப் பேத்தி பிறந்தாள். அந்தப் பெண்ணை இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். ஆறாம் நாள் அவள் நடந்தே வெளியே வந்தாள்.

பேத்தி பிறந்த மறுநாளே நீடாமங்கலம் கார் ஸ்டாண்டில் சொல்லிவைத்தேன். பட்டாளத்து வீட்டுப் பெண் யார் கேட்டாலும், எந்தத் தெருவானாலும், ஆஸ்பத்திரிக்குக் கார் போக வேண்டும். வாடகை என் கணக்கில். பன்னிரண்டு வருஷத்தில் அறுபத்தோரு சவாரி. 2,318 ரூபாய் ஐம்பது காசு.